முதல் வலிக்கு லாரி

மஞ்சப்பாறை எஸ்டேட்டில் ஒருத்திக்கு இடுப்பு வலி கண்டால் முதலில் கூப்பிடவேண்டியது மருத்துவச்சியை அல்ல, லாரி டிரைவர் நயினாரை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. டிஸ்பென்சரிச் சுவரில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தார்கள். முதல் வலி கண்டதும் கர்ப்பிணியை லாரியில் ஏற்றித் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும், டிவிஷனுக்குள் பிரசவம் கூடாது, கீழே மேனேஜர் கையெழுத்து. பொன்முடி மலையின் அந்த உயரத்திலிருந்து அடிவாரத்துக்கு இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. பஸ் நாளைக்கு இரண்டு. ஐப்பசித் துலாமழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. தேயிலைப் பெட்டி ஏற்றுகிற வண்டியில் நிறைசூலியைப் படுக்கவைத்து அந்த வழியே இறக்கு என்று எழுதினாரே, அந்த மனிதர் ஒருநாளாவது அந்த லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து போயிருப்பாரா? ஜீப்பின் முன்சீட்டில் போகிறவருக்கு வளைவு என்றால் நின்று காட்சி பார்க்கிற இடம்.

அந்த உத்தரவு வந்த கதையும் நல்ல கதைதான். எழுபதாம் வருஷம் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் ஒருத்தி ரத்தம் போய்ச் செத்தாள். கீழேயிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், கம்பெனிக்கு எழுதினார். பிரசவ அறை ஒன்று வேண்டும் என்றார். கட்டினார்கள். கட்டிலும் வந்து இறங்கிற்று. ஆறே மாதத்தில் அந்த அறைக்குள் துரிசு மூட்டை ஏறிவிட்டது. தேயிலைக்கு மருந்தடிக்கிற துரிசு. கட்டிலை மேனேஜர் பங்களா வாட்ச்மேன் எடுத்துக்கொண்டான். பிறகு சுவரில் இந்தக் காகிதம் ஏறியது. மலையில் ஒருத்தி செத்தால் எஸ்டேட் புத்தகத்தில் எழுதவேண்டும். ரோட்டில் செத்தால் எழுதவேண்டாம். அவ்வளவுதான் அதில் இருந்த மூளை.

மருத்துவச்சி பகவதியம்மாளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. நாஞ்சில் நாட்டுக்காரி. புருஷன் போனபிறகு நாகர்கோவிலில் படித்துச் சான்றிதழ் வாங்கி, மலையேறி வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மகள் பாகீரதியின் விடுதியும் படிப்பும் இந்த வேலையில்தான் ஓடின. முதல் ஐந்து வருஷத்தில் லயத்து அறைகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் கையில் வாங்கியவள். காகிதம் ஒட்டியபிறகு அவள் வேலை இரும்பு மாத்திரை கொடுப்பதும், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், லாரிக்கு ஆள் அனுப்புவதும் என்று சுருங்கிப்போயிற்று. லாரியில் கூடப் போகவும் விடவில்லை. டிவிஷனை விட்டு மருத்துவச்சி இறங்கக்கூடாதாம்.

எழுபத்திநாலாம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். பகவதியம்மாள் மாத்திரைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எட்டாம் நம்பர் காட்டுக்குள் வந்தாள். தேயிலைத் தோட்டத்தைக் காடு என்றுதான் அங்கே சொல்வார்கள். ராத்திரி பெய்த மழையில் செடியெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. அட்டைக் கடிக்குக் காலில் புகையிலைத்தண்ணீர் தடவிக்கொண்டு இருபது பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஓயும், பாட்டு ஓயும். கொழுந்து எடுக்கிறவளின் கை மட்டும் ஓயாது. கடைசி நிரையில் நிறைமாதத்துக்காரி சுடலைமாடத்தியின் கை ஓய்ந்தது.

பகவதியம்மாள் நின்று பார்த்தாள். செடியின் மேல் இரண்டு கையும் விரித்தபடி இருந்தன. தலை குனிந்திருந்தது. நாற்பது எண்ணுகிற நேரம். பிறகு ஒன்றும் நடக்காததுபோலக் கை மறுபடி ஓடியது. பக்கத்து நிரையில் நின்ற மாடம்மாள் தன் கொழுந்தில் ஒரு பிடி அள்ளி சுடலைமாடத்தியின் கூடையில் போட்டாள்.

பகவதியம்மாள் செடிகளை விலக்கிக்கொண்டு கிட்டே போனாள். “எப்பம் தொடங்கிச்சு?”

“என்னது நர்ஸம்மா?”

“எங்கிட்ட வேண்டாம் பிள்ளே. கையைப் பாத்துட்டுதான் நிக்கேன்.”

சுடலைமாடத்தி மாடம்மாளைப் பார்த்தாள். மாடம்மாள் மேஸ்திரி நிற்கிற பக்கம் பார்த்தாள். மேஸ்திரி தூரத்தில் குடைக்கடியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

“காலைல பேர் கூப்புடுதப்பவே லேசா இருந்துச்சு.”

“ஆறு மணிக்கா? அஞ்சு மணிக்கூறா வலியை வச்சுக்கிட்டுக் கொழுந்தா எடுக்கே? ஏன் சொல்லல்ல?”

“சொன்னா லாரி வரும்லா.”

“ரூல் அப்படித்தானே இருக்கு.”

“ரூலு இருக்கட்டும். போன தரம் ஒங்க கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னேனா இல்லியா? தலை எறங்கிட்டு நர்ஸம்மா, வழி தாங்காது, இங்ஙனக்குள்ளயே பெத்துக்கிடுதேன், நீங்க இருங்க போதும்னு சொன்னேனா இல்லியா? நீங்க என்ன சொன்னீய?”

அன்றைக்குச் சொன்னது பகவதியம்மாளுக்கு மறக்கவில்லை. ‘ஒண்ணும் ஆகாது, அங்க டாக்டர் உண்டு’ என்று சொன்னாள். சொல்லி, பிடித்திருந்த கையை விடுவித்து, லாரியில் ஏற்றிவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதேபோல ஒரு மழைநாளில். மேலேயிருந்து ஒன்பதாவது வளைவில் பிள்ளை பிறந்தது. ஆண். பின்பக்கம் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே அவளும் புருஷன் வன்னியராஜும் மட்டும். நயினார் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். மஞ்சு மூடிக்கிடந்தது. வன்னியராஜ் நனைந்த துண்டில் பிள்ளையைச் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். ஒரு காய்ந்த துணி இல்லை, கணப்பு இல்லை, தெரிந்த கை ஒன்று இல்லை. மீதிப் பதின்மூன்று வளைவும் இறங்கி அடிவாரத்து விதுரை வருவதற்குள் பிள்ளை குளிர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை, அதனால் அவர்கள் எழுதவில்லை. எஸ்டேட்டில் சாகவில்லை, அதனால் இவர்களும் எழுதவில்லை. ஒன்பது மாதம் சுமந்து பெற்ற பிள்ளை, இந்த உலகத்தில் எந்தக் காகிதத்திலும் இல்லை. இதைக் கேட்டு வயிறு எரியாதவன் மனுஷனா?

“இப்பம் என்ன செய்யப் போறே?” என்று கேட்டாள் பகவதியம்மாள்.

“சாயங்காலம் கடைசி எடை போடுத வரைக்கும் இப்படியே நிப்பேன். மாடம்மாக்கா எங்கூடையையும் நெப்பிருவா. எடை போட்டுட்டு லயத்துக்குப் போயிட்டேம்னா, பெறவு லாரி வந்து என்ன செய்யும்? பாதி வெளிய வந்த பிள்ளைய உள்ள தள்ளியா ஏத்துவான்?”

மாடம்மாள் சிரித்துவிட்டாள். சுடலைமாடத்தியும் சிரித்தாள், சிரிக்கும்போதே அடுத்த வலி வந்து செடியைப் பிடித்துக்கொண்டாள்.

பகவதியம்மாளுக்கு முதலில் அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. இவ்வளவு நெஞ்சழுத்தமா ஒருத்திக்கு? குறுக்கே கிடந்தால்? கொடி சுற்றியிருந்தால்? ஆத்திரம் வந்த வேகத்திலேயே திசை மாறிற்று. திருட்டுச் சரக்கை மறைக்கிறமாதிரி ஒரு பெண் தன் வலியை இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். யாருக்குப் பயந்து? போலீசுக்கா? உதவிக்கு என்று சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற மருத்துவச்சிக்குப் பயந்து. தனக்குப் பயந்து.

“வா இங்கே” என்று அவளைச் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோனாள். படங்கை விரித்துப் படுக்கவைத்தாள். வயிற்றில் இரண்டு கையும் வைத்து அழுத்திப் பார்த்தாள். மரக்குழலை வைத்துக் காதைக் கொடுத்தாள். ஒருமுறை கேட்டு, வலி போனபிறகு மறுபடி கேட்டாள்.

“தலை கீழதான் இருக்கு. துடிப்பு நல்லா கேக்கு.”

“நாந்தான் சொல்லுதேன்லா.”

“நீ சொன்னா போதாது, எனக்கும் தெரியணும். ஒண்ணு சொல்லுகேன், நல்லா கேட்டுக்கோ. ரத்தம் கண்டாலோ, இந்தத் துடிப்பு கொறைஞ்சாலோ நான் வாய்திறந்து சொல்லுவேன். அப்பம் நீ போயே ஆகணும். லாரியானாலும் சரி, எந்தச் சவமானாலும் சரி. நானும் ஏறுவேன்.”

“நீங்க ஏறினா நானும் ஏறுதேன்.”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா எங்க லயம், எங்க அறை. மல்லாக்கப் படுக்க மாட்டேன். மூத்தவள முட்டுக்குத்தி நின்னுதான் பெத்தேன். அப்படித்தான் வருது எனக்கு.”

“சரி.”

இந்த ஒரு சொல்லைச் சொல்ல இரண்டு வருஷம் பிந்திப்போயிற்று என்று பகவதியம்மாள் நினைத்தாள். அன்று பகல் முழுவதும் அவள் எட்டாம் நம்பர் காட்டை விட்டு நகரவில்லை. மாத்திரை கொடுத்து முடிக்க நேரம் பிடிக்கும் என்று மேஸ்திரியிடம் சொன்னாள். மத்தியானம் மாடம்மாள் கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்கையும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியையும் மூன்று பேரும் தின்றார்கள். சுடலைமாடத்தி இரண்டு துண்டு தின்று கட்டன் சாயா குடித்தாள். வலி வரும்போது மாடம்மாள் முன்னால் வந்து மறைத்துக்கொள்வாள். மரக்குழல் மூன்றுமுறை வயிற்றில் ஏறி இறங்கியது.

மூன்றரைக்கு இடி இடித்து மழை பிடித்தது. எடைக்கொட்டகையில் வரிசை நிற்கும்போது சுடலைமாடத்தியால் ஆகவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தூணைக் கட்டிப்பிடித்தாள். தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்துவிட்டது. தராசுக்காரன் திரும்பிப் பார்த்தான், மேஸ்திரி பார்த்தான். ஒரு பையன் டிஸ்பென்சரிக்கு ஓடினான். பகவதியம்மாள் அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு மழையோடு மழையாக லயத்துக்கு நடந்தாள்.

ஆறாம் லயத்தில் நாலாவது அறை. வன்னியராஜ் கவாத்து வெட்டிய விறகை அடுப்பில் அடுக்கி ஊதிக்கொண்டிருந்தான். மாடம்மாள் மழைத்தண்ணீர் பிடரியில் சொட்டச் சொட்ட ஓடிவந்து, உத்தரத்தில் பழைய சேலை ஒன்றை முறுக்கிக் கட்டினாள். சுடலைமாடத்தியின் மூத்த பெண்ணை அடுத்த அறைக்கு அனுப்பினார்கள். துணிகளை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுச் சூடேற்றினார்கள். பகவதியம்மாள் கையைக் கழுவி முடிப்பதற்குள் லாரிச் சத்தம் கேட்டது.

கம்பவுண்டர் ராஜையன் குடையோடு இறங்கினார். நெய்யாற்றின்கரைக்காரர். கெட்ட மனுஷன் இல்லை. பென்ஷனுக்கு மூன்று வருஷம் இருக்கிறது, அந்த மூன்று வருஷத்தையும் சத்தமில்லாமல் கழித்துவிட வேண்டும் என்று இருக்கிறவர். இந்த மாதிரி ஆட்களால்தான் பாதி அக்கிரமம் நடக்கிறது.

“சிஸ்டரே, என்னா இது? வண்டி வந்தாச்சு. வேகம் ஏத்துங்க.”

பகவதியம்மாள் வாசலுக்கு வந்தாள். “இனி ஏத்த முடியாது சாரே. முக்கால் மணிக்கூறுல பெத்துருவா.”

“அது ஆஸ்பத்திரியில ஆகட்டும். ரூல் ரூலாணு. நாளைக்கு துரை கேட்டா நான் என்ன பறையும்?”

“நான் தடுத்தேன்னு பறையுங்க.”

“உங்க நல்லதுக்காணு சொல்லுறது. உங்களுக்கு ஒரு மகள் உண்டு, மறக்காண்டாம்.” ராஜையன் குரலைத் தாழ்த்தி வன்னியராஜ் பக்கம் திரும்பினார். “எடோ, உன் பெஞ்சாதியல்லே? நீ சொல்லு. ஏறச் சொல்லு.”

வன்னியராஜ் ஊதுகுழலைக் கீழே வைத்தான். எழுந்துவந்து வாசற்படியில் உட்கார்ந்தான். படி சிறியது, அவன் உட்கார்ந்தால் வேறு ஆள் உள்ளே போகமுடியாது.

“எடோ, உன்கிட்டத்தான் சொல்லுறது.”

“கேக்குது சார். போன தரம் நீங்க சொல்லித்தான் நானும் ஏறச் சொன்னேன். அவ வேண்டாம்னா, நான் வஞ்சு வெரட்டி ஏத்தினேன்.” அவன் மழையைப் பார்த்தபடி பேசினான். “இந்தப் படிய விட்டு நான் எந்திரிக்கிறதா இல்ல. எஸ்டேட்ட விட்டு அனுப்பினாலும் இங்ஙன இருந்துதான் போவேன்.”

ராஜையன் டிரைவரைப் பார்த்தார். நயினார் வண்டியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டிருந்தான்.

“ஒம்பதாம் வளைவுல மண்ணு சரிஞ்சு கெடக்கு சாரே” என்றான். “வண்டி எறங்காது.”

அது உண்மையா பொய்யா என்று பகவதியம்மாள் பிறகும் அவனிடம் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

நாகர்கோவிலில் படிக்கிற காலத்தில் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த வார்த்தை ‘படு’ என்பதுதான். வலிக்கிறவள் எழுந்திருக்கப் பார்த்தால் படு, கத்தினால் படு, தண்ணீர் கேட்டால் படு. டாக்டருக்குக் குனிய வசதியாக இருக்கவேண்டும், பெறுகிறவளுக்கு எப்படி இருந்தால் என்ன? அந்த வார்த்தையை எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. இன்றைக்குச் சுடலைமாடத்தி முறுக்கிய சேலையைப் பிடித்துக்கொண்டு முட்டுக்குத்தி நின்றாள். மாடம்மாள் பின்னாலிருந்து தாங்கினாள். பகவதியம்மாள் சாணித்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குனியவேண்டியவள் அவள்தான்.

“முக்கட்டுமா?”

“உனக்கு முக்கணும்னு தோணுகா?”

“தோணுது.”

“பின்ன முக்கு. என்ன எதுக்குக் கேக்கே?”

நடுவில் ஒருமுறை சுடலைமாடத்தி சேலையை விட்டுவிட்டுப் பகவதியம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நகம் சதையில் இறங்கியது. “போயிராதீய” என்றாள். “எங்க போவேன்? ஒன் புருஷன் வாசல்ல இருக்கானே, போகவா விடுவான்” என்றாள் பகவதியம்மாள். மாடம்மாள் அந்த நேரத்திலும் சிரித்தாள்.

ஐந்தேமுக்காலுக்குப் பிள்ளை பகவதியம்மாளின் கைக்கு வந்தது. பெண். கொடியில் கிடந்த சூட்டுத்துணியில் துடைத்து, இன்னொரு துணியில் சுற்றினாள். அதற்குள் அது வீடு இடிகிறமாதிரி அழத் தொடங்கிவிட்டது. தொப்புள்கொடியை அறுத்து, பிள்ளையைத் தாயின் நெஞ்சில் போட்டாள். ரத்தம் அளவோடுதான் போயிற்று. கர்ப்பப்பை சுருங்கி வயிறு கல்லாக இறுகிற்று. பகவதியம்மாள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, பிள்ளையின் அழுகையைக் கேட்டபடி தானும் அழுதாள்.

கதவுக்கு வெளியேயிருந்து வன்னியராஜின் குரல் வந்தது. ஆணா பெண்ணா என்று அவன் கேட்கவில்லை.

“சூடா இருக்கா?” என்று கேட்டான்.

“சூடா இருக்குடே” என்றாள் பகவதியம்மாள். “வந்து தொட்டுப் பாரு.”

மூன்றாம் நாள் மெமோ வந்தது. எஸ்டேட் உத்தரவை மீறி டிவிஷனுக்குள் பிரசவம் நடக்க விட்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். ஆபீசுக்கு நேரில் வரச் சொல்லியிருந்தது. பிள்ளை பிழைத்ததா, தாய் எப்படி இருக்கிறாள் என்று அந்தக் காகிதத்தில் ஒரு வரி கிடையாது.

பகவதியம்மாள் போனபோது மேனேஜர் மேசைக்குப் பின்னால் இருந்தார். சங்கனாச்சேரிப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயதுக்குள். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. ராஜையன் பக்கத்தில் நின்றார். அவர் கையில் டைப் அடித்த காகிதம் ஒன்று தயாராக இருந்தது.

“சிஸ்டரே, இதில் ஒரு கையெழுத்து போட்டா மதி” என்றார் ராஜையன். “நான் துரைகிட்டப் பேசியாச்சு. உங்க மேல ஒண்ணும் வராது.”

“என்ன எழுதியிருக்கு?”

“அந்தப் பெண்ணு வலியை மறைச்சு வச்சுட்டா, உங்களுக்கு நாலு மணிக்கு மேலதான் தெரிஞ்சுது, அப்போ லாரியில் ஏத்த சமயம் இல்ல. அவ்வளவுதான். அது உண்மையல்லே? எல்லாப் பேரும் பாத்ததுதானே?”

“இதுல கையெழுத்துப் போட்டா அவளுக்கு என்ன ஆகும்?”

மேனேஜர்தான் பதில் சொன்னார். “ரூலை மீறினவளுக்குப் பிரசவ லீவ் கிடையாது. மூணு மாசம் சஸ்பென்ஷன். லயத்து முறியும் காலி பண்ணணும். ஒருத்தியை விட்டால் நாளைக்கு எல்லாரும் இதுதான் செய்யும். உங்களுக்கு வேலை வேணுமா வேண்டாமா?”

பகவதியம்மாள் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாகீரதிக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி. கையெழுத்துப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் வெளியே போய்விடலாம். மூன்று நாள் பச்சை உடம்புக்காரியும், பால் குடிக்கிற பிள்ளையும், மழையில் சட்டி பானையோடு லயத்துக்கு வெளியே நிற்பார்கள். வலியைப் பொறுத்தவளுக்குத் தண்டனை, வலியை மறைக்க வைத்தவனுக்கு மேசையும் நாற்காலியும்.

“ஒரு வெள்ளைக் காகிதம் தாங்க சாரே.”

“எதுக்கு?”

“விளக்கம் எங்கிட்டத்தானே கேட்டிருக்கு. நானே எழுதுகேன்.”

ராஜையன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். பகவதியம்மாள் அதைப் பார்க்காத மாதிரி காகிதத்தை வாங்கி, மேசை ஓரத்தில் நின்றபடியே தமிழில் எழுதினாள். கால்மணி நேரம் ஆயிற்று. மேனேஜர் ஒரு சிகரெட் குடித்து முடித்தார். எழுதியதை அவர் முன்னால் வைத்தாள்.

“தமிழா? எனக்கு வாயிக்கத் தெரியாது. நீங்களே வாயிக்குங்க.”

பகவதியம்மாள் காகிதத்தைக் கையில் எடுத்தாள்.

“சுடலைமாடத்திக்கு வலி கண்டது காலை பதினொரு மணிக்கே எனக்குத் தெரியும். அவள் எதையும் என்னிடம் மறைக்கவில்லை. எங்கே, எப்படிப் பெறவேண்டும் என்று சொன்னாள். நான் பரிசோதித்து, ஆபத்து இல்லை என்று கண்டு, சம்மதித்தேன். லாரியில் ஏற்றாமல் தடுத்தது நான். தாயும் பிள்ளையும் சுகம். இதே பெண் இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதையேதான் என்னிடம் கேட்டாள். அன்று அவள் பேச்சைக் கேளாமல், உத்தரவுப்படி லாரியில் ஏற்றி அனுப்பினேன். பிள்ளை ஒன்பதாவது வளைவில் பிறந்து, விதுரை போய்ச் சேருமுன் குளிரில் இறந்தது. அதற்கு இன்றுவரை யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. அதற்கும் ஒரு மெமோ தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”